மஞ்சள் மூடிப் பெட்டி

கொட்டாத தேனீ வேண்டும் என்று கேட்டு எனக்கு இன்னமும் தொலைபேசி வருகிறது. வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். போன மாதம் பேசியவர், நான் வேலை பார்த்த அதே தேனீப் பிரிவில் இப்போது இருக்கும் பெண். "அண்ணே, ஆளுங்க பயப்படுறாங்க லா. சாதுவா ஒரு பெட்டி இருந்தா அதையே பெருக்கி எல்லாருக்கும் குடுத்துடலாம். சுசா இல்ல, ஒரு தொல்லையும் இல்ல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னோம், இதையேதான் செய்தோம். "உக்காந்து எழுதி அனுப்புறேன்மா, படிச்சுட்டுப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

நான் மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். இரண்டு பேரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் என்னை வளர்த்தது அக்கா ராஜம்மா. விடியுமுன் அக்கா பால் வெட்டக் கிளம்பினால், அவள் மகள் செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விடுவது என் வேலை. செல்வி என் முடியைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொள்வாள். முன்பக்கம் எனக்கு முடி கொட்டியதற்கு அவள்தான் காரணம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளில் ஈப்போவுக்கு வந்தேன். ஊருக்கு வெளியே இருந்த ஒரு விவசாய நிலையத்தில் கூலி வேலை கிடைத்தது. தேனீப் பிரிவுக்குப் போக ஒருத்தரும் சம்மதிக்காததால் என்னைத் தள்ளிவிட்டார்கள். பயிற்சி என்றால், முகம் வீங்குவது, வற்றுவது, மறுபடி வீங்குவது. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நம் ஊர்த் தேனீ சின்னது. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் வாழும். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் ஊறும் இனிப்பைக் குடித்துத் தேனாக்கும். அந்தக் காலத்தில் காட்டை அழித்தார்கள். பழைய ரப்பரைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடித்தார்கள். பொந்துகள் போனதும் தேனீயும் குறைந்தது. வெளிநாட்டுப் பெரிய தேனீயை இறக்கிவிட்டால் தேனுக்குத் தேன், தொல்லைக்குத் தொல்லை இல்லை என்று மேலிடத்தில் பேச்சு நடந்தது. அதற்குள் நம் தேனீயைக் காப்பாற்றி, பெருக்கி, இதனால் முடியும் என்று காட்டியாக வேண்டும். எங்கள் பிரிவு இருந்ததே அதற்குத்தான். தலைவி மிஸ் விசாலாட்சி.

மிஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டிநாட்டிலிருந்து வந்து ஈப்போவில் தொழில் செய்த குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் 'ஆச்சி' என்போம், அது அவருக்கும் தெரியும். பெட்டியைத் திறக்குமுன் வளையலையும் கடிகாரத்தையும் கழற்றிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மூடியை எடுத்ததும் உடனே கையை விடமாட்டார். தலையைச் சாய்த்து உள்ளே வரும் சத்தத்தைக் கேட்பார். சத்தம் அடங்கும்வரை நாங்களும் கூடவே நிற்க வேண்டும், இருமினாலும் முறைப்பார். யாரையும் அவர் வைததில்லை, பாராட்டியதும் இல்லை. உயிரைக் கொடுத்து ஒரு வேலையைச் செய்து காட்டினால் உற்றுப் பார்த்துவிட்டு "இருக்கட்டும்" என்பார். அந்த 'இருக்கட்டும்' நல்லதா கெட்டதா என்று சாப்பாட்டு வேளையில் எங்களுக்குள் பெரிய வழக்கே நடக்கும்.

எங்கள் பெட்டிகளில் ஒன்றின் ராணிக்குப் 'பாப்பா' என்று பெயர் வைத்திருந்தோம். பாப்பாவின் கூட்டம் கொட்டாது. வெறுங்கையை உள்ளே விடலாம். தேனும் நிறைய. பார்க்க வந்த அதிகாரிகள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தேனீ வளர்க்க ஆசைப்பட்ட சிறு தோட்டக்காரர்கள் பாப்பா வீட்டுப் பெண்தான் வேண்டும் என்று காத்துக் கிடந்தார்கள். நாங்கள் பாப்பாவின் புழுக்களை எடுத்து ராணிகளாக வளர்த்தோம். எந்தப் பெட்டி கொட்டினாலும் அதன் ராணியை எடுத்துவிட்டுப் பாப்பாவின் மகளை வைத்தோம். அப்புறம் மகளின் மகளை வைத்தோம். சில வருடங்களில் திரும்பிய பக்கமெல்லாம் பாப்பா. முகவலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலை செய்தோம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மிஸ்ஸிடம் ஒரு தடித்த அட்டை இருந்தது. அதன் நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு சாய்சதுரம் வெட்டியிருப்பார். ராணி முட்டையிட்டு, வேலைக்காரத் தேனீக்கள் மூடிய அடையை வெளியே எடுத்து, தேனீக்களை மெல்ல ஊதி விலக்கி, அந்த ஜன்னலை அடையின் மேல் வைப்பார். ஜன்னலுக்குள் தெரியும் அறைகளில் எத்தனை மூடியிருக்கின்றன, எத்தனை காலி என்று பார்ப்பார். நல்ல குடும்பத்தின் அடை, பாய் விரித்தாற்போல ஒரே சீராக மூடியிருக்கும். ஒரு நாள் பாப்பாவின் பேத்தி ஒன்றின் அடையில் ஜன்னலை வைத்தவர் அசையவே இல்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று போய்க்கொண்டே இருந்தார். எல்லா அடையிலும் அங்கங்கே ஓட்டை, சோளக்கதிரில் முத்து உதிர்ந்த மாதிரி.

"நோயா மிஸ்?" என்று கேட்டேன்.

"இல்ல மணியம். நம்ம பண்ணின வேலை."

அன்று அவர் எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். வேலைக்காரத் தேனீயாகப் போகும் முட்டைக்குத் தாயிடமிருந்து ஓர் அடையாளம், தகப்பனிடமிருந்து ஓர் அடையாளம் வர வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் வேலைக்காரி பிறப்பாள். இரண்டும் ஒன்றாகிப்போனால் ஒன்றுக்கும் உதவாத ஆண்தான் வரும். அதை வேலைக்காரத் தேனீக்களே கண்டுபிடித்துப் புழுவிலேயே தின்றுவிடும். அந்த இடம்தான் ஓட்டை. ஒரே குடும்பத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டே போனால் ஓட்டை கூடும், கூட்டம் இளைக்கும்.

"எங்க ஆளுங்கள்ல ஒரே கோயிலைச் சேர்ந்தவங்க கல்யாணம் பண்ணிக்க மாட்டாங்க, தெரியுமா?" என்றார் மிஸ். "மாப்பிள்ளை எவ்வளவு நல்லவனா இருந்தாலும், எந்தக் கோயில்னுதான் முதல்ல கேட்பாங்க. நம்ம அதக் கேக்க மறந்துட்டோம்."

மறுநாளே சாயத் தகரங்கள் வந்து இறங்கின. மீதமிருந்த வேற்றுக் கூட்டங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வம்சத்துக்கும் பெட்டி மூடியில் ஒரு நிறம் அடித்தோம். ஒவ்வொரு நிறமும் ஒரு கோயில். ராணி வானத்தில் பறந்துதான் ஆண்களோடு கூடும், அதைக் கயிறு கட்டி இழுக்க முடியாது. ஆகவே இளம் ராணிகளைக் குட்டிப் பெட்டிகளில் வைத்து, தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோவோம். வேறு நிறக் கூட்டங்களின் ஆண்கள் அங்கே முன்னதாகவே போய் இறங்கியிருப்பார்கள். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கல்யாண மண்டபம். குட்டிப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது யாராவது நாதஸ்வரம் மாதிரி வாயால் ஊதுவார்கள். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தாம்பூலத் தட்டோடு ஈப்போவுக்கு வந்தாள். செல்வியை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அக்கா மகள், முறைப்பெண். அத்தானும் போய்விட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அக்கா நினைத்ததில் தப்பே இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், பாதிக் குடும்பம் அப்படித்தான் ஆனது.

"அக்கா, அத நான் தோள்ல தூக்கி வளத்தேன். எனக்கு அது பொண்ணு மாதிரி" என்றேன்.

"வளத்தவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். நியாயத்துக்குப் பலம் சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு, பாப்பா, ஓட்டை விழுந்த அடை, கோயில் எல்லாவற்றையும் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என் மகளப் பூச்சியோட சேத்துப் பேசிட்டல்ல. இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்றாள்.

செல்வியைக் கட்ட முடியாது என்று சொன்னதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அக்கா பேசாமல் போனது எனக்குத் தாய் போன மாதிரி இருந்தது. பிறகு பார்வதியோடு எனக்குக் கல்யாணம் ஆனது. அக்கா வரவில்லை. தீபாவளிக்கு நான் அனுப்பிய துணியும் திரும்பி வந்தது. செல்வி மட்டும் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வருவாள். "நல்லவேளை மாமா, நீங்க சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன்" என்று சிரிப்பாள். ஆனால் வந்து போவதை அம்மாவிடம் சொல்லமாட்டாள்.

எண்பதுகளில் ஒரு நோய் வந்தது. புழு அறைக்குள்ளேயே தண்ணீர் கோத்துச் செத்துவிடும். இடுக்கியால் தூக்கினால், கடையில் பால் ஊற்றாத தேநீரைப் பையில் கட்டிக் கொடுக்கும் தே ஓ பொட்டலம் மாதிரி தொங்கும். பாப்பா வம்சம் முழுக்கச் சாய்ந்தது. ஒரே மாதிரி தேனீக்கள், ஒரே மாதிரி செத்தன. மற்ற நிறங்களிலும் கொஞ்சம்தான் மிஞ்சியது. தினமும் வெறும் பெட்டிகளைச் சோடாக்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். மேலிடத்தில் இருந்து ஒருவர் வந்து, இந்தப் பிரிவை இனி வெளிநாட்டுத் தேனீக்கு மாற்றிவிடலாம் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார். மிஸ் அன்று வளையலைத் திருப்பி மாட்ட மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். "யாருமே கிட்டப் போக முடியாத தேனீ எங்கயாவது இருக்கா? ரொம்பக் கொட்டணும், அப்பதான் பாப்பா ரத்தம் கலக்கலைன்னு அர்த்தம். நம்ம பெட்டியில இருந்து ஒரு ராணிகூட அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது."

எனக்குத் தெரியும். அக்கா வீட்டுச் சமையலறைப் பலகைச் சுவருக்குள் ஒரு கூட்டம் இருந்தது. அத்தான் இறந்த மாதம் வந்து குடியேறியது. பால் கணக்குக் கேட்டு வாசலில் நின்ற தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியை அது மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் தள்ளியது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. அக்காவை மட்டும் கொட்டாது. யாரும் புகை போட அவள் விட்டதில்லை. அந்தச் சுவர்ப் பக்கம் அடுப்புகூட மூட்டமாட்டாள்.

"இருக்கு மிஸ்" என்றேன். "ஆனா அந்த வீட்ல என்கூடப் பேச மாட்டாங்க."

"நான் பேசுறேன்" என்றார்.

நாங்கள் போனபோது தோட்டம் கைமாறிவிட்டது. மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். லயத்தை இடிக்கப் போகிறார்கள், பலகைச் சுவருக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தேனீயைக் கொல்வதாகக் குத்தகைக்காரன் சொல்லியிருக்கிறான். அக்கா சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஸ்ஸிடம் மட்டும் பேசினாள்.

"உக்காருங்க மிஸ்ஸு. அந்த ஆள நிழல்ல நிக்கச் சொல்லுங்க."

மிஸ் வந்த காரியத்தைச் சொன்னார். நோய் வந்தது, கூட்டங்கள் போனது, புது இரத்தம் வேண்டும் என்பது எல்லாம் சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இத உங்க தேனீக்குக் கட்டி வைக்கப் போறீங்க. அப்படித்தான?"

"ஆமா. இதோட பொண்ணுங்கள."

"சொந்தத்துல குடுத்தா ஓட்டை விழுந்துரும்னு இந்த ஆள் சொன்னது நெசந்தானா?"

மிஸ் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"தேனீக்கு நெசம். மனுஷங்க கதை வேற, அதத் தேனீய வச்சு அளக்க முடியாது" என்றார். "உங்க தம்பி வேற ஏதாவது காரணம் சொன்னாரா?"

"தோள்ல தூக்குன பிள்ளையாம். பொண்ணு மாதிரியாம்."

"அது போதுமே. அதுக்கு அப்புறம் தேனீ எதுக்கு?"

அக்கா எழுந்து உள்ளே போனாள். மூன்று கோப்பையில் கடுங்காப்பி கொண்டு வந்தாள். மூன்றாவதை என் கையில் தரவில்லை, வாசல் திண்டில் வைத்தாள். நான் எடுத்துக் குடித்தேன். சீனி நான் போடும் அளவுக்கே போட்டிருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியதும் வேலையை ஆரம்பித்தோம். தேங்காய் மட்டையைப் பற்ற வைத்து மெல்லிய புகை விட்டேன். மேல் பலகையின் ஆணியைக் கழற்றியதும் கூட்டம் என்மேல் பாய்ந்தது. முகவலைக்குள் எப்படியோ நுழைந்து இமையிலும் காதிலும் கொட்டின. அவசரத்தில் அடுத்த பலகையை நெம்புகோலால் தட்டப் போனேன்.

"டேய் மணியம்! தட்டாதடா, அந்தப் பக்கந்தான் ராணிப் பெருசு இருக்கும்!"

அத்தனை வருடத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசியது அதுதான். நான் நெம்புகோலைக் கீழே போட்டுவிட்டேன். கொட்டின வலியில் கண்ணீர் வந்தது என்று மிஸ் நினைத்திருப்பார்.

பலகையைக் கையால் மெல்ல விலக்கினேன். ஒன்றன்பின் ஒன்றாக அடைகள் தொங்கின. கத்தியை வெந்நீரில் நனைத்து ஒவ்வொன்றாக அறுத்துத் தர, மிஸ் அதைச் சட்டத்துக்குள் வைத்து வாழைநாரால் கட்டினார். முட்டையும் புழுவும் இருந்த அடையின் மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும், தலைகீழாக மாறினால் போயிற்று. கடைசி அடையில் ராணி நடந்து வந்தாள், கறுத்து, நீண்டு, அவசரமே இல்லாமல். மிஸ் அவளை மூங்கில் கூண்டில் விட்டுப் பெட்டியின் நடுவில் வைத்தார். நம் தேனீக்குப் பிடிக்காவிட்டால் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். ராணி உள்ளே இருந்தால்தான் மற்றவை தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் பெட்டிக்குள் இறங்கியது. மிஸ் அட்டையை எடுத்து, நாரால் கட்டிய அடை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்குள் ஓர் ஓட்டைகூட இல்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா என்னைப் படியில் உட்கார வைத்து, நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினாள். சின்ன வயதில் முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சள் வைக்கும்போதும் அவள் கை இப்படித்தான் அழுத்தும்.

வண்டியில் பெட்டியைப் பின்னால் வைக்க அக்கா விடவில்லை. "குலுங்கும் லா" என்று மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியால் மூடிப் பிடித்தபடி ஈப்போ வரை வந்தாள். நிலையத்துக்கு வந்ததும் நிறம் நிறமாக மூடிகளைப் பார்த்து விவரம் கேட்டாள். மிஸ் கோயில் கணக்கைச் சொன்னார்.

"அப்ப இதுக்கு என்ன நிறம்?"

"நீங்களே சொல்லுங்க."

"மஞ்சள். பொண்ணுக்கு அதான லா."

அக்கா ஜெலாப்பாங்கில் செல்வியோடு தங்கினாள். மஞ்சள் கூட்டத்துக்கும் நோய் வந்தது, ஆனால் சாயவில்லை. செத்த புழுவை மற்ற தேனீக்கள் மோப்பம் பிடித்து, இழுத்து வெளியே எறிந்தன. அதன் மகள்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். முதலில் போனவற்றில் பாதி திரும்பவில்லை. மழை கொஞ்சம் கொண்டுபோனது, தேனீ தின்னும் குருவிகள் கொஞ்சம் கொண்டுபோயின. அக்கா வாராவாரம் பேருந்து பிடித்து வந்து, "என்ன, பொண்ணு வீடு திரும்பிச்சா?" என்று கேட்பாள். என்னைக் கேட்கமாட்டாள், மிஸ்ஸைத்தான் கேட்பாள். நிழலில் உட்கார்ந்து, கடிக்கிற தேனீயைத் தேடிப் போய் வாங்கி வந்த எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். எங்களுக்கும் ஆணியில் மாட்டிய முகவலையை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த ராணி ஒன்றின் அடை மூடியதும் மிஸ் எங்களை எல்லாம் கூப்பிட்டார். அக்காவும் வந்து நின்றாள். வளையலைக் கழற்றினார், மூடியை எடுத்தார், சத்தத்தைக் கேட்டார். அடையைத் தூக்கி ஊதி, ஜன்னல் அட்டையை வைத்தார். தள்ளி வைத்தார். திருப்பி மறுபக்கம் வைத்தார். எங்கும் ஒரே சீர், பாய் விரித்த மாதிரி. மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பிரிவு தப்பித்தது. வெளிநாட்டுத் தேனீ பிறகு வந்தது, வரத்தான் செய்தது. ஆனால் நம் தேனீயை யாரும் கைவிடச் சொல்லவில்லை. பல நிறமும் கலந்த பெட்டிகளைத்தான் அதற்குப் பிறகு வெளியே கொடுத்தோம். கொட்டத்தான் செய்யும் என்று சொல்லியே கொடுத்தோம்.

அன்று கலையும்போது அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"செல்விக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு. அவளே பார்த்துட்டா. அன்னியம்தான், நீ பயப்படாத. தாய்மாமன் சீர் யார் செய்வாங்கன்னு அவங்க வீட்ல கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வாரானோ மாட்டானோன்னு சொன்னேன்."

"வாரேன்க்கா" என்றேன்.

தை மாதத்தில் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். பார்வதியும் நானும் சீர்த்தட்டில் சேலை, மாலை, பழத்தோடு மஞ்சள் பெட்டியின் முதல் தேனையும் ஒரு போத்தலில் வைத்தோம். மிஸ் பட்டுச்சேலையில் வந்திருந்தார், அடையாளம் தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். நான் மாலையைப் போட்டதும் செல்வி குனிந்து என் காதில், "மாமா, தோள்லயா, நடந்தா?" என்றாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என்னைய ஏன்டா பார்க்குற? கூட்டிட்டு வா. உன் பொண்ணுதான."